பிள்ளை வாயெடுக்கும் வரை

உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். அவளைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். மலாயாவில் புக்கிட் செலம்பாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவளைப் போல வேலை செய்த பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டாள் என்றால், அந்தப் பிள்ளை தானாக வாயை எடுக்கும்வரை கங்காணி வந்தாலும் கடவுளே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். கங்காணி காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "என் பேர எதுக்குடி இழுக்கிறே?" என்று கேட்கக்கூடியவள். வரிசை வீடுகளான லயத்தில் எனக்கு அடுத்த வீடு. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் என்னைக் கூப்பிட்டதெல்லாம் 'ஏண்டி'தான்.

ஜப்பான்காரன் வந்த மறு வருடம், ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கும் பிள்ளை பிறந்தது. எனக்கு மகள், தலைப்பிள்ளை. அவளுக்கு மகன், இரண்டாவது. மூத்தது ஒரு பெண். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்திலேயே, பத்து மாதத்தில், காய்ச்சலில் போய்விட்டது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். ஆனால் மகனைத் தூக்கும்போதெல்லாம், "இவன விடமாட்டேன்" என்பாள். யாரோ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் போலச் சத்தமாகச் சொல்வாள். அந்த நாட்களில் அவள் செய்த ஒவ்வொன்றும் இந்த ஒரு பேச்சுக்காகத்தான்.

முப்பதாம் நாள் தலைக்கு ஊற்றினோம். முப்பத்தோராம் நாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்தோம். வேறு வழி கிடையாது. வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் அரிசி, அதுவும் கல்லும் புழுவுமாக ஒரு கை அளவு. ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொல்லியிருந்தார்கள். ஆண்கள் மரம் சாய்க்க, நாங்கள் மண்ணைக் கொத்தி மேடு கட்டிக் குச்சி ஊன்ற வேண்டும். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் கிடக்கும். அத்தாப்பு ஓலைக் கூரை, சாக்குத் துணியில் ஆறு தொட்டில்கள், கண் சரியாகத் தெரியாத ஓர் ஆயா. கடையில் பால் டின் மறைந்து மாதக்கணக்காகிவிட்டது. காலி டின்களில் திரி போட்டு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். பிள்ளை அழுதால் ஆயா கொடுப்பது மரவள்ளி மாவைக் கரைத்த கஞ்சி. அதைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிறு மட்டும் வளர்ந்தது.

துரை காலத்தில் காலை பத்து மணிக்கு ஒரு மணி அடிப்பார்கள். பால் குடிக்கும் பிள்ளை வைத்திருப்பவர்கள் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தைத் தன் ஊர் நேரத்துக்கு முன்னால் தள்ளி வைத்தான். இருட்டிலேயே பெரட்டு என்றானது. பத்து மணி மணியும் நின்றுபோனது.

"அந்த மணியெல்லாம் வெள்ளக்காரனோட போச்சு. சாப்பாட்டு நேரத்துல போயிக் குடுத்துக்குங்க" என்றார் கங்காணி.

"அவன் கடிகாரத்த மாத்திக்கட்டும் கங்காணி. என் நெஞ்சு பழைய டைம்லதான் ஓடுது" என்றாள் அவள்.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. வேலைக்கு இறங்கியதும் அவள் மண்வெட்டி நிற்காது. நாங்கள் வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் அவள் இரண்டு மேடு முன்னால் போயிருப்பாள். வெயில் ஏறி, ரவிக்கை முன்பக்கம் நனைந்ததும் நிமிர்ந்து, "மணி அடிச்சிருச்சு" என்பாள். மண்வெட்டியை மேட்டில் குத்தி நிறுத்திவிட்டுக் கொட்டகையைப் பார்த்து நடப்பாள். திரும்பி வரும்போது நாங்கள் அவள் விட்ட இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருப்போம். கங்காணியால் கணக்கில் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத ஆளைக் கண்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஒரு நாள் அவர் பின்னாலேயே போனார். அவள் எப்போதும் கொட்டகையின் உள்சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முந்தானையால் பிள்ளையை முழுக்க மூடிக்கொண்டுதான் கொடுப்பாள். பக்கத்தில் இருக்கும் பெண்களுக்குக்கூடத் தெரியாது. அவ்வளவு கூச்சம். கங்காணி வாசலில் நின்றுகொண்டு, "எவ்வளவு நேரம்மா? எந்திரி, எந்திரி" என்றார். அவள் திரும்பவில்லை.

"நிக்கிறீங்களா கங்காணி? நில்லுங்க. சும்மா நிக்காம தொட்டில்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு ஈ ஓட்டுங்க."

அவர், நம்பினால் நம்புங்கள், தலைத்துண்டை உருவி இரண்டு வீசு வீசிவிட்டுத்தான் போனார். எங்களுக்கு அந்த வாரம் முழுவதும் சிரிக்க அது போதுமானதாக இருந்தது.

எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. சாப்பாட்டு நேரம்வரை பொறுத்துக்கொண்டு, நனைவது தெரியாமலிருக்க மாரில் பழந்துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வேன். போதாக்குறைக்கு என் மாமியார் ஒரு சட்டம் போட்டிருந்தார். வெயிலில் நின்றவள் வந்ததும் கொடுக்கக்கூடாது. அது சூட்டுப் பால், பிள்ளை வயிற்றைக் கெடுக்கும். முதலில் பீய்ச்சிவிட்டுக் கைகால் கழுவி, ஆறிய பிறகுதான் கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து கப்பலேறி வந்த வழக்கம் அது. தோட்டத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். பீய்ச்சிய பால் காலில் மிதிபடக் கூடாதென்று கொட்டகைக்குப் பின்னாலிருந்த வாழை மரத்தடியில் விடுவோம்.

ஒரு நாள் நான் அங்கே குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, வாழையா உனக்கு மக?"

"சூட்டுப் பால்லா அக்கா. அத்த கொல்லுவாங்க."

"வெயில்ல நின்னது நீ. சூடு ஒன் முதுகுல. உள்ளே இருக்கிறது எப்படிடி சுடும்? சோறே இல்லாத காலத்துல மரத்துக்கு ஊத்திக்கிட்டு நிக்கிற. கட்டியிருக்கிற துணிய மொதல்ல அவுரு. நாலு நாளைக்கு இறுக்கிக் கட்டுனா நமக்கு ஆள் இல்லபோலன்னு அது நின்னுரும்."

என் மகள் மெலிந்துகொண்டே வந்தாள். அதனால் அக்கா சொன்னதைக் கேட்டேன். மாமியாருக்குத் தெரியாமல் துணியை அவிழ்த்தேன். அக்கா கிளம்பும்போது நானும் பின்னால் ஓடினேன். வாழைக்கு ஊற்றுவதை நிறுத்தினேன். பத்துப் பதினைந்து நாள் நன்றாகத்தான் போனது. பிறகு மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குப் பயந்தா, என் பயத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டா தெரியவில்லை, லயத்துக் குழாயடியில் அத்தனை பெண்களுக்கு முன்னால் நான் கத்தினேன். "ஒன் பேச்சக் கேட்டுத்தான் என் பிள்ள போகுது. ஒன் மூத்தவள காவு குடுத்தது போதலையா?"

சொல்லியிருக்கக் கூடாத சொல். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வெயில் ஏறியதும் நான் அசையாமல் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தேன். அவள் வந்து என் மண்வெட்டியைப் பிடுங்கித் தன்னுடையதோடு சேர்த்துக் குத்தி நிறுத்தினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கொட்டகையில் என்னை உட்கார வைத்து மகளை மடியில் போட்டாள்.

"குடு. நிறுத்தாத. வெளியே போறதுக்கு மேல உள்ளே போகணும். ஆயாகிட்டச் சொல்லிட்டேன், இவளுக்குக் கஞ்சி ஊத்தாதன்னு."

கஞ்சி! அத்தனை நாளும் ஆயா என் மகளுக்கு அதை ஊட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான் கேட்கவே இல்லை. நாலாம் நாள் மகள் கண் விழித்துச் சிரித்தாள். குழாயடியில் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் யாரிடமும் அதையெல்லாம் கேட்பதில்லை. ஒரு கிண்ணம் கீரை பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு இடது காது கேட்காமல் போனது அதற்குப் பிறகுதான்.

அன்று அவள் மகனுக்கு உடம்பு சூடாக இருந்தது. கொட்டகையில் விட மனமில்லாமல் பெரட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பேர் கூப்பிடுவதற்குள் பிள்ளை சிணுங்க, வரிசைக் கடைசியில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து இரண்டு ஜப்பான் சிப்பாய்கள், ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ண வந்துவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதுதான் அவர்கள் வழக்கம். கங்காணி "கேரே!" என்று கத்தினார். அந்தச் சொல் காதில் விழுந்தால் இடுப்பு வரை குனிய வேண்டும். நிமிரச் சொல்லும்வரை தரையைப் பார்க்க வேண்டும். குனியாதவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் அன்று நடந்ததில் நான் கண்ணால் பார்த்தது கால்களை மட்டும்தான். சப்பாத்துக் கால்கள் எங்களைத் தாண்டிப் போய் வரிசைக் கடைசியில் நின்றன. கங்காணியின் வெறுங்கால்கள் ஓடின.

"எந்திரிம்மா! ஒன் கால்ல விழறேன், எந்திரி!"

"பிள்ள குடிக்கிறான் கங்காணி. அவருகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

"எனக்கு அந்தப் பாஷ தெரியாதே தாயி!"

அறை விழுந்தது. அதற்கு அடுத்து பிள்ளை வீறிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீறிடவில்லை. இன்னொரு அறை விழுந்தது. அப்போதும் இல்லை. சப்பாத்துக் கால்கள் சிறிது நேரம் அசையாமல் நின்றன. அந்த அமைதியில் பிள்ளை மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு கால்கள் திரும்பி நடந்தன.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் அதே கூடைமேல்தான் இருந்தாள். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. காதிலிருந்து இரத்தம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. ஒரு கை பிள்ளையின் பின்தலையைத் தாங்கியிருந்தது, மற்றது அவன் காதைப் பொத்தியிருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை அவளுக்கு இல்லை.

"என் பேர் போட்டாச்சா கங்காணி? இவன் முடிச்சதும் வர்றேன்."

எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "இவ ஒருத்தி வீம்புக்கு எல்லாரையும் சுட்டுப் போட்டிருந்தா?" என்றுதான் பேசினார்கள். நானும் பேசினேன். அவள் ஒரு வாரம் கன்னத்தில் மஞ்சளைப் பூசிக்கொண்டு மேடு கட்டினாள். அதன் பிறகு அவளோடு பேச வேண்டுமென்றால் வலது பக்கம் போய் நிற்க வேண்டும். ஆனால் ஒன்று நடந்தது. அவள் மண்வெட்டியைக் குத்தி நிறுத்தும்போதெல்லாம் கங்காணி வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார். அந்த நிழலில் நாங்கள் மூன்று நான்கு பேர் அவள் பின்னால் போய்வந்தோம்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் லோரி வந்தது.

பிள்ளைகளுக்குப் பத்து மாதம் ஆகியிருந்தது. நாங்கள் கொட்டகையில் உட்கார்ந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். முப்பது அடி தள்ளிச் செம்மண் சாலை. அதில் லோரி வந்து நின்றது. மரம் சாய்க்கும் இடத்திலிருந்து ஆண்களை வரிசையாக நடத்திக்கொண்டு வந்து ஏற்றினார்கள். "சயாமுக்கு! ரயில் ரோடு போட!" என்று யாரோ கத்தினார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பியிருக்கவில்லை. நான் மகளைப் பிடுங்கித் தொட்டிலில் எறிந்துவிட்டு ஓடினேன். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் ஓடினார்கள். என் வீட்டுக்காரர் அதில் இல்லை. காலில் புண் என்று அன்று லயத்தில் படுத்திருந்தார், அந்தப் புண்ணுக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன். அவள் வீட்டுக்காரர் இருந்தார். லோரியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

நான் திரும்பிக் கொட்டகைக்கு ஓடி வந்தேன். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். வலது காதில் கத்தினேன். "அக்கா, அண்ணன் அதுல இருக்காரு! ஓடியா! கிளம்பப் போகுது!"

அவள் மடியைப் பார்த்தாள். பிள்ளை குடித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. ஒன்று செய்தாள். உள்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், உட்கார்ந்தபடியே நகர்ந்து சாலைப் பக்கம் திரும்பினாள். முந்தானையை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டாள். சிப்பாய்கள் நிற்கிறார்கள், கணக்கெழுதும் கிராணி நிற்கிறார், லோரி நிறைய ஆண்கள் நிற்கிறார்கள். பக்கத்துப் பெண்ணுக்குக்கூடக் காட்டாமல் பிள்ளைக்குக் கொடுத்தவள், அத்தனை பேருக்கு நடுவில் மாரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தொட்டிலில் என் மகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். சாலையில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். லோரி புறப்பட்டது. அவள் வீட்டுக்காரர் கையை அசைக்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. கொட்டகையையே பார்த்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவளைப் பேசாத வாய் இல்லை. "புருஷன் சாகப் போறான், இவ உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கல." "எந்திரிக்காட்டிப் போகுது, தொறந்து காட்டிக்கிட்டில்ல உக்காந்திருந்தா!" என் மாமியார் அவள் வீட்டுப் பக்கம் காறித் துப்பினார். நான் துப்பவில்லை, அவ்வளவுதான். எனக்கும் அவள்மேல் ஒரு பயம் வந்துவிட்டது. இப்படியும் ஒரு கல்நெஞ்சு இருக்குமா என்று நினைத்தேன். என் மகளைப் பிழைக்க வைத்தவள் என்பதுகூட அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. கொட்டகையில் அவளுக்கு இடது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பக்கம் இருந்தால் பேச வேண்டியதில்லை அல்லவா? அவளும் பேசவில்லை. வருவாள், உட்காருவாள், பிள்ளை வாயெடுத்ததும் எழுந்து போவாள்.

இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது. சயாமிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பிள்ளைகள் நடந்தார்கள், பல் முளைத்துவிட்டது. ஆனாலும் அந்தக் காலத்துச் சாப்பாட்டுக்கு நாங்கள் யாரும் நிறுத்தவில்லை. ஒரு நாள் நான் தாமதமாகப் போனேன். அவளுக்கு வலது பக்கம் மட்டும்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடி அவளே பேசினாள்.

"மூத்தவ இருந்தப்ப ஒருநா, இதே எடத்துல குடுத்துக்கிட்டு இருந்தேன். மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. ரப்பர் பால் வடியுற மங்குல தண்ணி விழுந்துரும், எந்திரிங்க, எந்திரிங்கன்னு கத்துனாங்க. அவ பாதிதான் குடிச்சிருந்தா. பிடுங்கிப் போட்டுட்டு ஓடுனேன். மரத்தடி வரைக்கும் அவ கத்துனது கேட்டுச்சு. ரெண்டு நா காய்ச்சல். மூணாம் நா இல்ல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் அழவில்லை.

"நான் எந்திரிச்சதாலதான் அவ போனான்னு சொல்லலடி. காய்ச்சல்தான் கொண்டு போச்சு. ஆனா அவகிட்டருந்து நான் கடைசியா வாங்கிக்கிட்டது அந்தச் சத்தம்தான்." இடது காதைத் தொட்டாள். "இது செத்துப்போச்சுன்னு நீங்கெல்லாம் சொல்றீங்க. அவ கத்துறது மட்டும் இதுலதான் கேக்குது."

மகன் குடித்துக்கொண்டே அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் விரலை மெதுவாக விலக்கினாள்.

"அன்னைக்கு நான் எந்திரிச்சு ஓடியிருந்தா இவன் கத்தியிருப்பான்லா? எங்க போறாரு, எத்தன நாளு, ஒன்னும் தெரியாது. அந்தச் சத்தத்த அவரு காதுல வாங்கிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு நெனச்சேன். இவன் வயிறு நெறயக் குடிக்கிறதக் கண்ணால பாத்துட்டுப் போகட்டும்னுதான் துணிய எடுத்தேன்."

அத்தனை மாதமும் அவளுடைய செவிட்டுப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேனே என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அவள் வீட்டுக்காரர் திரும்பி வரவேயில்லை. அது எங்களுக்குத் தெரிய ஜப்பான்காரன் போய் இன்னும் ஒரு வருடமாயிற்று.

அன்று வெளியே கங்காணி யாரையோ விரட்டும் சத்தம் கேட்டது. நான் பழக்கத்தில் எழப் பார்த்தேன். அவள் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். என் மகள் முதலில் முடித்தாள். அவள் மகன் இன்னும் கொஞ்ச நேரம் குடித்தான், பிறகு வாயை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.